நோய் நீங்கிய ஊருக்கு மீண்டும் வருவோர்



சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. மனிதனும் அப்படித்தான். ஓர் ஊரில் கொள்ளைநோய் வந்து பலர் மாண்டார்கள் என்று கேள்விப்பட்டால், நோய் அடங்கிய பிறகும் நெடுநாள் வரையில் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே மனம் பின்வாங்குகிறது. நோய் தீர்ந்தது என்று மருத்துவர் சொல்லும் நாள் ஒன்று; மக்கள் மனத்தில் அச்சம் தீரும் நாள் வேறொன்று. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெளியூராரை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பு சரியாக எரிவதில்லை.

கொள்ளைநோய்க்குப் பிறகு வெளியூரார் ஓர் ஊருக்கு மீண்டும் வருவது எதனால் என்பதை இன்றைய உரையில் காண்போம். இதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஈப்போவிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணத்தில், பத்து காஜாவுக்கு அருகே, ராயா ஆற்றை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. அதன்மேல் கட்டி முடிக்கப்படாத மாளிகை ஒன்று நிற்கிறது. கெல்லி கோட்டை என்று நாம் சொல்லும் அந்த மாளிகை, நூறாண்டு இடைவெளியில் இரண்டு பெருந்தொற்றுகளைக் கண்டது. முதலாவது தொற்றில் அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டார்கள். இரண்டாவது தொற்றில் அதைப் பார்க்க வந்தவர்களின் வரவு நின்றுபோயிற்று. இரண்டு முறையும் ஆட்கள் மீண்டும் வந்தார்கள். ஆனால் வந்த காரணம் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் அந்த மாளிகையின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தமது 20ஆம் வயதில், 1890ஆம் ஆண்டு, மலாயாவுக்கு வந்தார். அப்போது சார்லஸ் அல்மா பேக்கர் என்பவர் பேராக்கில் காடு திருத்தும் பெரிய குத்தகை ஒன்றை எடுத்திருந்தார். ஸ்மித் அவரிடம் சேர்ந்து உழைத்தார். அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு பத்து காஜா வட்டாரத்தில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். பிறந்த ஊரின் நினைவாகத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். 1909இல் அங்கே ஒரு வீடு கட்டினார். 1915இல் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஆண்டிலேயே, பழைய வீட்டை ஒட்டி, ஆறு மாடிக் கோபுரத்தோடு கூடிய மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. கட்டுமான வேலை தெரிந்த ஆட்களும் சென்னை இராஜதானியிலிருந்து வந்தார்கள்.

காட்டை வெட்டியவர்கள், பால் மரம் நட்டவர்கள், கல் சுமந்தவர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். கங்காணி தம் சொந்த ஊருக்குப் போவார். உற்றார் உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் மலாயாவைப் பற்றிப் பேசுவார். அவர் பேச்சை நம்பி ஆட்கள் புறப்படுவார்கள். 1907ஆம் ஆண்டு முதல் தோட்ட முதலாளிகள் கட்டாயமாகச் செலுத்திய தொகையிலிருந்து ஒரு குடிநுழைவு நிதி இயங்கியது. ஆட்களின் கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தனிமை முகாமில் சில நாள் தங்கி, அதன் பின்னரே தோட்டம் போய்ச் சேர்வார்கள். பணம் ஒரு பக்கம் இருக்க, இந்த ஏற்பாட்டின் ஆணிவேர் பேச்சின் மேலுள்ள நம்பிக்கைதான். போய் வந்தவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நான்கு பேர் புறப்படுவார்கள். அங்கே சாவு என்று சொன்னால் புறப்பட்டவனும் மூட்டையைக் கீழே வைத்துவிடுவான்.

இப்படி இருந்த காலத்தில், 1918ஆம் ஆண்டு, அந்தக் கொடிய விஷக்காய்ச்சல் வந்தது.

உலகம் அதை ஸ்பானியக் காய்ச்சல் என்று அழைத்தது. அந்தப் பெயர் வந்த கதையே நமக்கு ஒரு படிப்பினை. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போரில் ஈடுபட்ட நாடுகள், தங்கள் படைவீரர்கள் நோயில் விழுவதைப் பத்திரிகைகளில் வெளிவராமல் தடுத்தன. ஸ்பெயின் போரில் சேராத நாடு. அங்கே பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ படுக்கையில் விழுந்ததும் செய்தியாயிற்று. மற்ற நாடுகள் மௌனமாக இருந்தபோது ஸ்பெயினிலிருந்து மட்டும் செய்தி வந்தபடியால், நோயே அங்கேதான் பிறந்தது என்று உலகம் எண்ணிக்கொண்டது. உண்மை சொன்ன நாட்டுக்குப் பழி கிடைத்தது. உண்மையை மறைத்த நாடுகளில் மக்கள் ஆயத்தமின்றி மாண்டார்கள்.

இந்தியாவுக்குள் இந்நோய் 1918ஆம் ஆண்டின் நடுவில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாகப் புகுந்தது. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. பசியால் மெலிந்த உடம்புகளை நோய் எளிதாக வீழ்த்தியது. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மலாயாவில் முதலில் அது சாதாரணச் சளிக் காய்ச்சலைப் போல வந்து போயிற்று. ஆனால் அக்டோபர் மாதத்தில் மீண்டும் வந்தபோது அதன் முகம் மாறியிருந்தது. சில வாரங்களுக்குள் பட்டணம், கம்பம், தோட்டம், ஈய லம்பம் என்று எல்லா இடங்களிலும் பரவியது. இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்பது பின்னாளைய மதிப்பீடு.

தோட்டத்தை இந்நோய் கடுமையாகத் தாக்கியதற்குக் காரணங்கள் உண்டு. இது காற்றின் வழி பரவும் நோய். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் லயங்களில் ஒருவர் இருமினால் போதும். காலையில் பெரட்டுக்கு எல்லோரும் ஒன்றாக நின்றாக வேண்டும். மேலும், மற்றக் காய்ச்சல்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் கொண்டுபோகும். இந்தக் காய்ச்சலோ 20 வயதிலிருந்து 40 வயது வரையுள்ள உழைப்பாளிகளையே அதிகமாகக் கொண்டுபோயிற்று. தோட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்த வயதினர்தாம். மருந்தும் இல்லை. மனிதரைத் தாக்கும் இந்த நோய்க்கிருமியைப் பிரித்துக் கண்டது 1933ஆம் ஆண்டில்தான். நுரையீரல் சளிக்கட்டுக்கு உதவும் பெனிசிலின் கண்டறியப்பட்டதும் 1928ஆம் ஆண்டில்தான். ஆகவே 1918இல் மருத்துவர்களே நோயின் காரணம் அறியாமல் தடுமாறினார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு அது விளங்கியிருக்க வழியில்லை.

கிந்தா கெல்லாஸ் தோட்டத்திலும் பலர் மாண்டார்கள். மாளிகை வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்போது எஞ்சியிருந்த தொழிலாளர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள் என்றும், ஸ்மித் உடனே இசைந்தார் என்றும் அந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கோயில் மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் இன்றும் இருக்கிறது. அதன் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே கோட்டும் தொப்பியும் அணிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் உருவமும் நிற்கிறது. துரைக்கு நன்றி காட்டத் தொழிலாளர்கள் அமைத்த உருவம் அது என்பார்கள்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோயில் கட்டியதால் காய்ச்சல் நின்றதா என்று ஒருவர் கேட்கலாம். காய்ச்சல் மலாயா எங்கும் சில மாதங்களில் தணிந்தது; கோயில் இல்லாத தோட்டங்களிலும் தணிந்தது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் கேட்டது மருந்து மட்டும் அன்று. தங்கள் அச்சத்தை, அந்த இடத்துக்கு உடையவர் மதிக்கிறாரா என்பதே அவர்கள் மனத்தில் இருந்த கேள்வி. தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் தெய்வத்திடம் வைப்பதற்கும் மனிதரிடம் வைப்பதற்கும் பொருந்துகிறது. அந்தக் கோயிலில் இரண்டும் சேர்ந்திருந்தன.

துரைக்கும் இதில் கணக்கு இருந்தது. கங்காணி முறையில் வந்த தொழிலாளி, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகச் சட்டம் இடங்கொடுத்தது. கடன் முதலிய தளைகள் பலரைக் கட்டிப்போட்டது உண்மைதான். ஆயினும், ஒரு தோட்டத்துக்குச் சாவுத் தோட்டம் என்ற பெயர் வந்துவிட்டால் இருப்பவர்கள் நழுவுவார்கள், புதியவர்கள் வரமாட்டார்கள், பால் வெட்ட ஆள் இராது. ஆகையால், தொழிலாளர் நம்பிக்கையைக் காப்பது முதலாளிக்கும் தேவையாக இருந்தது.

சரி, 1918க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் மலாயாவுக்கு வந்தார்களா? வந்தார்கள். எத்தனை பேர் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1918ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 65,000 பேர். நோய்க்கு அடுத்த ஆண்டாகிய 1919இல் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகம். குறைய வேண்டிய எண்ணிக்கை கூடிவிட்டது!

அப்படியானால் ஓராண்டிலேயே அச்சம் பறந்துவிட்டதா? அப்படிச் சொன்னால் அந்த மக்களுக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம். மழை பொய்த்த ஊர், விலை ஏறிய அரிசி, நோயில் ஆளை இழந்த குடும்பம், தலைக்கு மேல் கடன். இவை அவர்களைக் கப்பலில் ஏற்றின. நோய் இரு கரையிலும் இருந்தது. பசி தாய்நாட்டில் அதிகமாக இருந்தது. அவர்கள் மலாயாவை நம்பி வந்தார்கள் என்பதைவிட, ஊரில் இருக்க முடியாமல் வந்தார்கள் என்பதே பொருந்தும். வந்த இடத்திலும் அரிசித் தட்டுப்பாடு காத்திருந்தது. இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால் 1919 முதல் ஈராண்டு காலம் மலாயாவில் அரிசி கிடைப்பது அரிதாயிற்று.

எனவே, நேயர்களே, கொள்ளைநோய்க்குப் பின் ஆட்கள் திரும்பி வருவதைக் கொண்டு மட்டும், நம்பிக்கை திரும்பிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. வேறு வழியில்லாமல் வருகிறவரும் உண்டு. விரும்பி வருகிறவரும் உண்டு. 1919இல் வந்தவர்கள் முதல் வகையினர். நூறாண்டுக்குப் பிறகு அதே மேட்டுக்கு வரும் சுற்றுப்பயணிகள் இரண்டாம் வகையினர். அந்தச் சுற்றுப்பயணிகள் எப்படி வந்தார்கள் என்பதை இனிப் பார்ப்போம்.

மாளிகை முடியவே இல்லை. 1926ஆம் ஆண்டில் கெல்லி ஸ்மித் ஐரோப்பா சென்றிருந்தபோது போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்துபோனார். அவர் மனைவி இந்நாட்டுக்குத் திரும்பி வாழ விரும்பவில்லை. தோட்டம் ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மின்தூக்கிக்காக விட்டிருந்த இடம் வெறுமையாகவே நின்றது. காடு மீண்டும் மாளிகையைச் சூழ்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அது துப்புரவு செய்யப்பட்டுப் பொதுமக்கள் பார்க்கும் இடமாயிற்று. 1999இல் வெளிவந்த அன்னாவும் மன்னரும் பற்றிய ஹாலிவுட் படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்ட பிறகு வெளிநாட்டாருக்கும் இதன் பெயர் எட்டியது.

இதற்கிடையில் கிந்தா பள்ளத்தாக்கின் பிழைப்பே மாறிவிட்டது. 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புக்குத் துண்டாடப்பட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை தேடினார்கள். ஈப்போவின் தங்கும் விடுதிகள், உணவுக்கடைகள், வாடகை வண்டிகள், வழிகாட்டி வேலை ஆகியவையும் பலருக்குச் சோறு போட்டன. பத்து காஜாவுக்கு அடுத்துள்ள தஞ்சோங் துவாலாங் சாலையில், 1938இல் கட்டப்பட்டு 1980களின் தொடக்கம் வரை ஈயம் தோண்டிய பெரிய மிதவை இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் மண்ணைத் தோண்டிப் பணம் தந்த அந்த இயந்திரமும் பார்ப்போர் கொடுக்கும் கட்டணத்தை நம்பி நிற்கும் காட்சிப் பொருளாயிற்று. பாட்டன் பால் வெட்டிய வட்டாரத்தில் பேரன் சுற்றுப்பயணிகளுக்குக் காப்பி ஆற்றுகிறான். ஆகையால் சுற்றுப்பயணியின் அச்சமும் நம்பிக்கையும் நம் வீட்டு அரிசிப் பானையைத் தொடும் செய்திகள்.

இந்த அச்சத்தைக் கிந்தா பள்ளத்தாக்கு 1998ஆம் ஆண்டிலேயே கண்டிருக்கிறது. அவ்வாண்டு இறுதியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலால் விழுந்தார்கள். முதலில் அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள்; தடுப்பூசியும் போட்டார்கள். ஆயினும் நோய் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்ததைக் கண்டு மக்கள் கலங்கினார்கள். 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டறிந்தார். அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. இந்நாட்டில் 265 பேர் நோயுற்று, அவர்களில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் எது என்பது சரியாகத் தெரிந்து, அதை மக்களுக்குச் சொல்லி, அதற்கேற்ற வேலையைச் செய்த பிறகே நோயும் நின்றது, மனமும் தெளிந்தது.

பின்னர் 2003ஆம் ஆண்டில் சார்ஸ் என்னும் சுவாச நோய் ஆசியாவைக் கலக்கியது. மலேசியாவில் நோயுற்றவர்கள் மிகச் சிலரே. ஆனால் அச்சத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. 2002இல் 1 கோடியே 33 லட்சமாக இருந்த சுற்றுப்பயணிகள் எண்ணிக்கை, 2003இல் 1 கோடியே 6 லட்சத்துக்கு இறங்கியது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் நோய் கட்டுக்குள் வந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டே எண்ணிக்கை 1 கோடியே 57 லட்சத்துக்கு ஏறியது. நோய் விரைவில் முடிந்தது, முடிந்தது என்று எல்லோரும் நம்பும் ஓர் அமைப்பு சொன்னது, மக்கள் வந்தார்கள்.

கோவிட்-19 பெருந்தொற்று இதைவிடப் பன்மடங்கு பெரியது. 2020ஆம் ஆண்டு மலேசியாவைச் சுற்றிப் பார்க்கும் ஆண்டாகக் கொண்டாடப்பட இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. எல்லைகள் மூடப்பட்டன, அந்தக் கொண்டாட்டமும் கைவிடப்பட்டது. நாட்டிலுள்ள மற்றச் சுற்றுலா இடங்களைப் போலவே பத்து காஜாவின் கோட்டையும் கதவடைத்துக்கொண்டது. எண்ணிக்கையைப் பாருங்கள். 2019இல் இந்நாட்டுக்கு வந்த சுற்றுப்பயணிகள் 2 கோடியே 61 லட்சம் பேர். 2020இல் 43 லட்சம். 2021இல் ஏறக்குறைய 1 லட்சத்து 35 ஆயிரம் மட்டுமே. 200 பேர் வந்த இடத்தில் ஒருவர் வந்ததற்கு ஒப்பாகும் இது. இந்த எண்களுக்குப் பின்னால், நாள்கூலி இழந்த துப்புரவுப் பெண்ணும், தவணை கட்ட முடியாமல் வண்டியை நிறுத்தி வைத்த ஓட்டுநரும், பலகாரக் கடையை மூடிய குடும்பமும் இருக்கிறார்கள்.

வரவு மீண்டும் தொடங்கிய விதமும் கவனிக்கத் தக்கது. முதலில் 2021 செப்டம்பரில் லங்காவித் தீவு, தடுப்பூசி போட்ட உள்நாட்டவருக்குத் திறக்கப்பட்டது. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுப்பூசி முடித்த பிறகு, அக்டோபர் 11ஆம் நாள் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்தது. அப்போது பத்து காஜாவுக்கு வந்தவர்கள் நம் நாட்டுக் குடும்பங்களே. 2022 ஏப்ரல் முதல் நாள் நாட்டின் எல்லைகள் திறந்தன. அவ்வாண்டு வந்த ஏறக்குறைய ஒரு கோடிப் பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பக்கத்து நாடாகிய சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். 2023இல் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து இந்தியர்களும் சீனர்களும் 30 நாள்கள் வரை விசா இன்றி வரலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. 2024ஆம் ஆண்டைப் பேராக் தனது சுற்றுலா ஆண்டாக நடத்தியது. அவ்வாண்டு நாட்டுக்கு வந்தவர்கள் 2 கோடியே 50 லட்சம் பேர். அதாவது, சார்சுக்குப் பின் ஓராண்டில் நிரம்பிய பள்ளம், கோவிட்டுக்குப் பின் ஐந்தாம் ஆண்டிலும் முழுதாக நிரம்பவில்லை.

முதலில் உள்ளூரார், அடுத்துப் பக்கத்து நாட்டார், கடைசியில் கடல் கடந்தவர். நம்பிக்கை இப்படித்தான் படிப்படியாகப் பரவுகிறது. காரணம் எளிது. அருகில் இருப்பவருக்கு நம் ஊர் நிலவரம் நேரில் தெரியும். ஏதாவது ஆனால் வீடு திரும்பவும் எளிது. தூரத்தில் இருப்பவர் செய்தியை மட்டும் நம்பி வர வேண்டும். அந்தச் செய்தியை அவருக்குக் கொண்டுபோகிறவர் போய்வந்த உறவினர் அல்லது நண்பர். கங்காணி காலத்தில் வாய்மொழியாகப் போன சேதி, கைப்பேசியில் படமாகப் போகிறது. வண்டி மாறியிருக்கிறது, சரக்கு அதேதான்.

இரண்டு பெருந்தொற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், விரும்பி வருகிறவரை மீண்டும் வரவழைப்பவை மூன்று என்று சொல்லலாம்.

முதலாவது, உண்மை. நோய் இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 1918இல் மறைத்த நாடுகளை நினைத்துப் பாருங்கள். ஸ்பெயினைப் போல உண்மை சொன்னவருக்கு அன்றைக்குப் பழி வரலாம். மறைத்தவரைப் பற்றிய ஐயம் அதைவிட நெடுங்காலம் நிற்கும். ஒருமுறை பொய் சொன்ன கடைக்காரர் மறுமுறை மெய் சொன்னாலும் வாங்குகிறவர் தராசைத்தான் பார்ப்பார்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் பராமரிப்பு. கை கழுவத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை, காற்றோட்டமான உணவுக்கடை, நோயுற்றால் அழைத்துப் போக அருகில் மருத்துவமனை. இவற்றை விளம்பரத்தில் படித்தால் போதாது. வந்தவர் பார்க்க வேண்டும். கிந்தா கெல்லாஸ் தொழிலாளர்களும் வாக்குறுதியோடு நிற்கவில்லை. கண்ணால் காணக்கூடிய ஒன்றைக் கேட்டார்கள்.

மூன்றாவது, அங்கே உழைப்பவரின் நலம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விடுதியில் படுக்கை விரிக்கும் பெண் காய்ச்சலோடு வேலைக்கு வர வேண்டிய கட்டாயத்தில் இருந்தால், அந்த விடுதியில் தங்குகிறவருக்குப் பாதுகாப்பு ஏது? நோய்விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் நோயை மறைப்பார். இருமலோடு பெரட்டுக்கு நின்ற 1918ஆம் ஆண்டுத் தொழிலாளியின் நிலைதான் அது. உழைப்பவரைக் காக்காத ஊரில் விருந்தினரையும் காக்க முடியாது. ஆகவே, சுற்றுலாத் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகள் மருத்துவ விடுப்பையும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் கேட்டுப் பெறுவது, அவர்களுக்கு மட்டுமன்றி ஊருக்கும் நன்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கெல்லி கோட்டைக்கு வருகிறவர்களுக்குப் பேய்க் கதைகள் நிறையக் கிடைக்கின்றன. இரவில் யாரோ நடக்கிறார்கள், சன்னலில் யாரோ நிற்கிறார்கள் என்று கேட்டு, சிரித்துக்கொண்டே பயந்து போகிறார்கள். துரையின் பெயர், அவர் மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1918இல் மாண்ட தொழிலாளர்களைப் பற்றியோ அந்தக் காய்ச்சலைப் பற்றியோ ஓரிரு வரிக்கு மேல் நாம் சொல்வதில்லை. ஆனால் கோவிட் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அந்தக் கதை விளங்கும். வீட்டில் ஒருவரை இழந்தவர், முகக்கவசத்தோடு தூரத்தில் நின்று விடைகொடுத்தவர், அந்த மாரியம்மன் கோயிலைப் பார்த்தால் அது ஏன் அங்கே நிற்கிறது என்று உடனே புரிந்துகொள்வார். தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிக்கு அது தம் ஊரார் கதையாகவே இருக்கும்.

ஆகையால் பத்து காஜா, கோப்பெங், ஈப்போ வட்டாரத்தில் வாழும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்களுடைய பாட்டன் பாட்டி எந்த ஊரிலிருந்து, எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள், அந்தக் காய்ச்சல் காலத்தைப் பற்றி என்ன சொல்லக் கேட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர், ஊர், தோட்டம், ஆண்டு என்று நான்கு விவரம் இருந்தாலும் போதும். வழிகாட்டி வேலை பார்க்கும் இளைஞர்கள் அதை வருகிறவர்களுக்குச் சொல்லட்டும்.

நோய்கள் இனியும் வரும். எல்லைகள் இனியும் மூடப்படலாம். அப்போதும் நம்மை நம்பி மீண்டும் வரலாமா என்று வெளியூரார் நம் பக்கம் பார்ப்பார்கள். உள்ளதைச் சொல்லும் ஊர், உழைப்பவரைக் காக்கும் ஊர் என்ற பெயரை நோய் வருவதற்கு முன்பே நாம் சம்பாதித்து வைத்திருக்க வேண்டும்.